சாட்சியைக் கூப்பிடலாமா, வேண்டாமா?

1999 ஜனவரி 16, சனிக்கிழமை. ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி கிளிண்டன் மீதான பதவி நீக்க விசாரணையில் அவருக்கு எதிராக வாதாட அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அனுப்பிய 13 பேரில் ஒருவராகக் குடியரசுக் கட்சியின் லிண்ட்சே கிரஹாம் செனட் சபையில் எழுந்து நின்றார். வயது 43. தென் கரோலினாக்காரர். பேச்சில் ஊர்க்கோர்ட் வக்கீலின் சரளம். ஒரு ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்க, அவர் செய்தது குற்றம் என்று கோர்ட்டில் நிரூபணமாகியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்றார் அவர். பதவியில் இருப்பவரின் நடத்தை எல்லை மீறிவிட்டது என்று இந்த அவை கருதினாலே போதும். இந்த நடைமுறை ஆளைத் தண்டிப்பதற்காக ஏற்பட்டதில்லை, அந்தப் பதவியைக் கழுவித் துடைத்து அதன் மானத்தை மீட்பதற்காக ஏற்பட்டது. இதுதான் அன்றைக்கு அவர் வாதத்தின் சாரம். நன்றாகவே பேசினார்.

2019 டிசம்பர் 14, இன்னொரு சனிக்கிழமை. கத்தார் தலைநகர் தோஹாவுக்கு ஒரு மாநாட்டுக்காகப் போயிருந்த கிரஹாமிடம் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் கேள்வி கேட்கிறார். கிரஹாம் இப்போது செனட்டர். தம் கட்சி ஜனாதிபதி டிரம்ப் மீதான பதவி நீக்கத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் இன்னும் வாக்கெடுப்புக்கே வரவில்லை. வந்தால் செனட்டில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நூறு பேரில் இவரும் ஒருவர். ஆனால் தாம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டதாகவும், நடுநிலையான ஜூரி உறுப்பினர் போலப் பாசாங்கு செய்யப் போவதில்லை என்றும் அவர் சொல்கிறார்.

இந்த இரண்டு பேச்சையும் அடுத்தடுத்து ஒட்டிய காணொளிகள் அந்த ஆண்டு ஏராளமாகச் சுற்றின. எதிர் அணியினர் பேசியதை ஒட்டிய காணொளிகளும் சுற்றின. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் பழமொழியில் உடைந்தது ஒரே குடம். இங்கே உடைந்தவை வேறு வேறு குடங்கள். ஒன்று நிஜமாகவே மண்ணாகவும் மற்றது நிஜமாகவே பொன்னாகவும் இருந்திருக்கலாம் அல்லவா? கட்சி வெறி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இரண்டு குடங்கள்

நடைமுறை எளியது. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றச்சாட்டைத் தீர்மானமாக நிறைவேற்றும். செனட் அதை விசாரிக்கும். தலைமை நீதிபதி அமர்ந்திருப்பார். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 பேர் குற்றவாளி என்றால்தான் ஜனாதிபதி வீட்டுக்குப் போவார். செனட்டர்கள் அதற்கென்றே தனியாக ஒரு சத்தியம் செய்ய வேண்டும்: அரசியல் சட்டப்படி பாரபட்சமில்லாத நீதி வழங்குவேன் என்று.

கிளிண்டன் மீதான புகார், வெள்ளை மாளிகைப் பயிற்சி ஊழியர் மோனிகா லெவின்ஸ்கியுடனான உறவு பற்றி கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், அதை மறைக்க நீதியின் பாதையில் குறுக்கே நின்றார் என்பது. 1998 டிசம்பர் 19 அன்று முதல் குற்றச்சாட்டு 228க்கு 206, அடுத்தது 221க்கு 212 என்று நிறைவேறின. வேறு இரண்டு தோற்றன.

டிரம்ப் மீதான புகார் வேறு வகை. 2019 ஜூலை 25 அன்று உக்ரைன் ஜனாதிபதி ஸெலென்ஸ்கியுடன் தொலைபேசியில் பேசியபோது, தம் தேர்தல் போட்டியாளரான ஜோ பைடன் மீது விசாரணை தொடங்கும்படி நெருக்கினார், அந்த நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட 39.1 கோடி டாலர் உதவியை அந்த நேரத்தில் நிறுத்தி வைத்திருந்தார் என்பது. அதிகார துஷ்பிரயோகம், நாடாளுமன்ற விசாரணைக்கு முட்டுக்கட்டை என இரண்டு தீர்மானங்கள். டிசம்பர் 18 அன்று 230க்கு 197, 229க்கு 198.

ஆக, படுக்கையறைப் பொய்க்காக ஒருவரை இறக்கக் கூடாது, அரசாங்கப் பணத்தைக் காட்டி வெளிநாட்டிடம் தேர்தல் உதவி கேட்டால் இறக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அதில் முரண் எதுவும் கிடையாது. சத்தியப் பிரமாணத்தை மீறுவது நேரடியான குற்றம், உதவியை நிறுத்தி வைத்தது வெளியுறவுக் கொள்கைத் தகராறு என்று வாதிடுகிறவருக்கும் காலூன்ற இடம் இருக்கிறது. இரண்டாவது வாதம் எனக்கு ஏற்புடையதில்லை. ஆனாலும் அதைச் சொல்கிறவரை நயவஞ்சகர் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒருவரைப் பிடிக்க வேண்டுமென்றால் தீர்ப்பில் பிடிக்கக் கூடாது, விதியில் பிடிக்க வேண்டும். குற்றம் எதுவாக இருந்தாலும் மாறக்கூடாத சில கேள்விகள் உண்டு. விசாரணையில் சாட்சிகளைக் கூப்பிடலாமா? நீதி சொல்ல வருகிறவர் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு வரலாமா? சட்டப் புத்தகத்தில் உள்ள குற்றம் நடந்திருக்க வேண்டுமா? எதிர்க்கட்சியின் ஆதரவு இல்லாமல் ஒரு ஜனாதிபதி மீது கை வைக்கலாமா? இவற்றுக்கு 1999இல் ஒரு பதிலும் 2020இல் நேர் எதிரான பதிலும் சொன்னவர் குடத்தைப் பார்க்கவில்லை, உடைத்தவரைத்தான் பார்த்தார்.

இந்த ஒப்பீட்டுக்கு இன்னொரு வசதியும் அமைந்தது. இரண்டு விசாரணையின்போதும் செனட்டில் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை: அன்று 55, பின்னர் 53. இரண்டிலும் வாக்களித்தவர்கள் பலர். மாறியது கூண்டில் நின்றவரின் கட்சி மட்டும்தான்.

சாட்சிகள்

1999இல் செனட் நன்றாகத்தான் தொடங்கியது. ஜனவரி 8 அன்று இரு கட்சியினரும் பழைய செனட் மண்டபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசி, விசாரணை விதிகளை நூறுக்குப் பூஜ்ஜியம் என்று ஏகமனதாக ஏற்றார்கள். ஆனால் சாட்சிகளைக் கூப்பிடுவதா என்ற கேள்வி ஜனவரி 27 அன்று வாக்கெடுப்புக்கு வந்ததும் அந்த ஒற்றுமை கலைந்தது. 56 பேர் கூப்பிட வேண்டும் என்றார்கள், 44 பேர் வேண்டாம் என்றார்கள். குடியரசுக் கட்சியினர் 55 பேரும் வேண்டும் அணியில். ஜனநாயகக் கட்சியினரில் ஒரே ஒருவர், விஸ்கான்சினின் ரஸ் ஃபைன்கோல்ட், அவர்களோடு சேர்ந்தார். வழக்கையே தள்ளுபடி செய்யும் தீர்மானத்திலும் தம் கட்சிக்கு எதிராக வாக்களித்த ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் அவர்தான். லெவின்ஸ்கி, கிளிண்டனின் நண்பர் வெர்னான் ஜோர்டன், ஆலோசகர் சிட்னி புளூமெந்தால் ஆகிய மூவரின் வாக்குமூலமும் வீடியோவில் பதிவாயிற்று.

2020இல் எல்லாம் தலைகீழ். விசாரணை விதிகளே 53க்கு 47 என்று கட்சிக்கோட்டில் நள்ளிரவு தாண்டி நிறைவேறின. டிரம்பின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன், அழைத்தால் வந்து சாட்சி சொல்கிறேன் என்று ஜனவரி 6 அன்றே அறிவித்திருந்தார். உதவியை நிறுத்தியதற்கும் பைடன் விசாரணைக்கும் தொடர்பு உண்டா என்பதை ஜனாதிபதியின் வாயாலேயே கேட்டிருக்கக்கூடிய ஆள். ஜனவரி 31 அன்று வாக்கெடுப்பு. சாட்சி வேண்டாம் என்றவர்கள் 51, வேண்டும் என்றவர்கள் 49. அன்று 'கூப்பிடு' என்ற மிட்ச் மெக்கானல், இப்போது செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்துகொண்டு 'வேண்டாம்' என்றார். அன்று 'வேண்டாம்' என்ற சக் ஷூமர், இப்போது அங்கே ஜனநாயகக் கட்சியின் தலைவராக இருந்துகொண்டு 'கூப்பிடு' என்று பன்னிரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினார்.

இரண்டு பக்கமும் கணக்குச் சரி என்று இங்கேயே பேனாவை மூடிவிடலாம். ஆனால் கணக்கு அவ்வளவு சரியாக இல்லை. 1999இல் அழைக்கப்பட்ட மூவரும் ஏற்கெனவே கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னது முழுவதும் அச்சில் இருந்தது. மறுபடி எதற்கு என்று ஷூமர் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. போல்டனோ எங்குமே வாய் திறந்திருக்கவில்லை. தெரிந்ததை மறுபடி கேட்கத் துடித்தவர்கள், தெரியாததைக் கேட்க மறுத்தார்கள். ஆகவே இந்த ஒரு கேள்வியில் மெக்கானலின் குட்டிக்கரணம் ஷூமருடையதைவிடப் பெரியது.

ஆனால் ஷூமர் தப்பித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 1998இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினராகக் குழுவிலும் அவையிலும் கிளிண்டனுக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு, அடுத்த மாதமே செனட்டராகப் பதவியேற்று அதே வழக்கில் ஜூரியாக உட்கார்ந்தவர் அவர். செனட் ஒன்றும் ஜூரிக் கூண்டு இல்லை, உறுப்பினர்கள் முன்கூட்டியே கருத்தோடுதான் வருகிறார்கள் என்று அப்போது தொலைக்காட்சியில் சொன்னார். இருபது ஆண்டு கழித்து மெக்கானல், தாம் பாரபட்சமில்லாத ஜூரி இல்லை, இது அரசியல் என்று சொன்னபோது, கொதித்தெழுந்தவர்களில் முதல் வரிசையில் ஷூமர் இருந்தார்.

மெக்கானல் அப்படிச் சொன்னது 2019 டிசம்பர் 17. பாரபட்சமில்லாத நீதி வழங்குவேன் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தது 2020 ஜனவரி 16. கிரஹாம் அந்த அவையில் பதவியின் மானம் பற்றிப் பேசி அன்றோடு சரியாக 21 ஆண்டு. உக்ரைன் உதவியை நிறுத்தி வைத்தது சட்டவிரோதம் என்று அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம் அறிவித்ததும் அதே நாளில்தான்.

சொன்ன வாய்

கிரஹாமைப் பிறவி ஆமாம்சாமி என்று தள்ளிவிட முடியாது. 1998 டிசம்பரில் நீதித்துறைக் குழுவில் நான்கு குற்றச்சாட்டுகள் வாக்குக்கு வந்தபோது, அவற்றில் ஒன்றை எதிர்த்து வாக்களித்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர் அவர். விசாரணையின்போது ஒரு செனட்டர், இந்த வழக்கில் நியாயமான மனிதர்கள் மாறுபட்ட முடிவுக்கு வர முடியுமா என்று கேட்டதற்கு, முடியும் என்று ஒப்புக்கொண்டார். வாதாட வந்த வக்கீல் எதிர்த்தரப்புக்கு இப்படி வாசல் திறந்துவிடுவது அபூர்வம். அந்த ஆள்தான் 2019இல் என்ன ஆனார் என்று பாருங்கள். அக்டோபரில், அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு வெளியே ஏதாவது கொடுக்கல் வாங்கல் பேரம் நடந்ததாகக் காட்டினால் அது தம்மை மிகவும் கலங்கச் செய்யும் என்றார். நவம்பர் முதல் வாரத்தில், டிரம்ப் நியமித்த தூதர் கார்டன் சோண்ட்லண்ட் தம் வாக்குமூலத்தைத் திருத்தி, உதவிக்கும் விசாரணை அறிவிப்புக்கும் முடிச்சுப் போடப்பட்டதை ஒப்புக்கொண்டார். அது வெளியான உடனே கிரஹாம் சொன்னது, அந்த வாக்குமூலங்களைத் தாம் படிக்கப் போவதில்லை என்பது. கலங்கிவிடுவோமோ என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜனநாயகக் கட்சியில் இதற்கு ஈடு சொல்ல வேண்டுமானால் ஜெரால்ட் நாட்லர். ஒரு பெரிய கட்சி ஆதரித்து இன்னொரு பெரிய கட்சி எதிர்க்கும் பதவி நீக்கத் தீர்மானம் ஒருபோதும் கூடாது, அதற்கு நியாயத் தகுதியே இருக்காது, பல ஆண்டுகளுக்குக் கசப்பை விதைக்கும் என்று 1998இல் முழங்கியவர். 'ஒருபோதும்' என்ற சொல்லைப் போடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். 2019இல் நீதித்துறைக் குழுவின் தலைவராக டிரம்ப் மீதான தீர்மானங்களை அவையின் முன் கொண்டுவந்தவர் அவரே. கிளிண்டனுக்கு எதிராக அவருடைய கட்சியிலிருந்தே ஐந்து பேர் வாக்களித்திருந்தார்கள். டிரம்புக்கு எதிராகக் குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர்கூட இல்லை. நாட்லரின் சொந்தத் தராசில் வைத்தால் இரண்டாவதுதான் கனம் குறைந்தது. எதிரணி கல்லாகச் சமைந்துவிட்டது, அதற்கு நாங்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். 1998இல் குடியரசுக் கட்சிச் சபாநாயகராக இருந்த கிங்ரிச்சின் ஆட்களும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

சபாநாயகர் நான்சி பெலோசியும் 2019 மார்ச்சில், இரு கட்சி ஆதரவு இல்லாமல் அந்தப் பாதையில் போகக் கூடாது என்றுதான் சொன்னார். ஆறே மாதத்தில் போனார். ஆனால் நடுவில் உக்ரைன் விவகாரம் வெடித்திருந்தது என்பதால் அவரை நான் இந்தப் பட்டியலில் ஓரமாகவே வைக்கிறேன்.

வக்கீல்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, யாருக்குப் பேச வந்தார்களோ அவருக்குப் பேசுவது அவர்கள் தொழில். பதவி நீக்கத்துக்குச் சட்டப்படியான குற்றம் தேவையில்லை, பதவியைக் கெடுத்து மக்கள் உரிமைக்கு ஆபத்தாக நின்றாலே போதும் என்று 1998இல் தொலைக்காட்சியில் விளக்கிய பேராசிரியர் ஆலன் டெர்ஷோவிட்ஸ், 2020இல் செனட்டில் நின்று குற்றம் அல்லது குற்றத்துக்கு ஒப்பான செயல் இருந்தே ஆக வேண்டும் என்றார். கிளிண்டனைத் துரத்தித் துரத்தி விசாரித்து, பதினொரு காரணங்களை அடுக்கி அறிக்கை அனுப்பிய கென் ஸ்டார், டிரம்ப் தரப்பில் எழுந்து, நாட்டில் பதவி நீக்கத் தீர்மானங்கள் பெருகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவராவது சிரித்திருக்க மாட்டாரா?

ஒழுக்கத்தின் பெயரால் கிளிண்டனைத் துரத்தியவர்களின் சொந்த வீட்டுக் கதை தனி அத்தியாயம். வழக்கை நடத்திய ஹென்றி ஹைடின் பழைய கள்ள உறவு 1998 செப்டம்பரில் அம்பலமானது. சபாநாயகர் ஆகவிருந்த பாப் லிவிங்ஸ்டனுடையது டிசம்பரில். அவர் வாக்கெடுப்பு நாளிலேயே விலகுவதாக அறிவித்தார். அவருக்குப் பதிலாகக் கறைபடாதவர் என்று தேடிப் பிடித்து அமர்த்தப்பட்டவர் டென்னிஸ் ஹேஸ்டர்ட். தாம் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தபோது சீரழித்த மாணவர் ஒருவரின் வாயை அடைக்கப் பணம் கொடுத்து, அந்தப் பணத்தை வங்கிக் கண்காணிப்புக்குத் தப்பும்படி சிறுகச் சிறுக எடுத்ததற்காக 2016இல் அவர் சிறைத் தண்டனை பெற்றார். எதிர்ப்பக்கம், தீர்மானம் நிறைவேறிய அன்று மாலையே ஜனநாயகக் கட்சியினர் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அணிவகுத்து நிற்க, துணை ஜனாதிபதி அல் கோர் கிளிண்டனை நம் மாபெரும் ஜனாதிபதிகளில் ஒருவராக வரலாறு கொண்டாடும் என்றார். குனிந்த தலையோடு நிற்க வேண்டிய நாளில் மாலை மரியாதை.

விதியை மாற்றாதவர்கள்

ஃபைன்கோல்ட் பற்றிச் சொன்னேன். சாட்சிகளை விசாரிக்கலாம் என்று வாக்களித்த அவரே, கடைசியில் கிளிண்டன் குற்றவாளி இல்லை என்றும் வாக்களித்தார். விதியும் தீர்ப்பும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ் இரண்டு முறையும் சாட்சி வேண்டும் என்றவர். 1999இல் தம் கட்சியை மீறிக் கிளிண்டனை இரண்டு குற்றச்சாட்டிலும் விடுவித்த ஐந்து குடியரசுக் கட்சியினரில் ஒருவர். 2020இல் டிரம்பையும் விடுவித்தார். ஜனாதிபதி நல்ல பாடம் கற்றுக்கொண்டிருப்பார் என்று அவர் அப்போது சொன்ன காரணம் வெகுளித்தனமானது, டிரம்பே அதை ஏற்கவில்லை. ஆனாலும் அளவுகோலை அவர் மாற்றவில்லை.

மிட் ராம்னி 1999இல் செனட்டில் இல்லை. 2020 பிப்ரவரி 5 அன்று, கடவுளை முன்வைத்துச் செய்த சத்தியத்தைச் சொல்லி, அதிகார துஷ்பிரயோகக் குற்றச்சாட்டில் டிரம்ப் குற்றவாளி என்றார். சொந்தக் கட்சி ஜனாதிபதியைப் பதவி நீக்க வாக்களித்த முதல் செனட்டர். குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவர் ரோனா மெக்டேனியல் உடனே பகிரங்கமாகக் கருத்து வேறுபாடு தெரிவித்தார். ராம்னி அவருக்குச் சித்தப்பா.

இங்கே இன்னொரு எண்ணிக்கையையும் வைக்க வேண்டும். 1999, 2020, 2021 (டிரம்ப் மீது இரண்டாம் முறை) ஆகிய மூன்று விசாரணைகளின் இறுதி வாக்கெடுப்பிலும் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஒருவர்கூடக் கட்சிக் கோட்டைத் தாண்டவில்லை. மூன்று முறையும் நியாயம் அவர்கள் பக்கமே இருந்ததாலா, கட்சி அவர்களை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததாலா? தலைகளை எண்ணி இதற்குப் பதில் சொல்ல முடியாது.

விலை

கொறடா உத்தரவை மீறினால் பதவி பறிபோகும் சட்டம் அமெரிக்காவில் கிடையாது. ஆனாலும் வாக்குகள் கொறடா எண்ணி வைத்தது போலவே விழுகின்றன. அங்கே கொறடா வேலையை, கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் பார்க்கிறது.

1974இல் நிலைமை வேறு. வாட்டர்கேட் விவகாரத்தில் சிக்கிய ஜனாதிபதி நிக்சனைக் கடைசிவரை விடாமல் ஆதரித்த இண்டியானாவின் எர்ல் லாண்ட்கிரீப், உண்மைகளைச் சொல்லி என்னைக் குழப்பாதீர்கள், என்னைச் சுட்டாலும் என் ஜனாதிபதியோடுதான் நிற்பேன் என்றார். சொல்லிக் கொள்ளட்டும், அவரிடம் குறைந்தபட்சம் பாசாங்கு இல்லை. அந்த நவம்பரில் வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அன்று விசுவாசத்துக்கு விலை இருந்தது.

2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து நடத்திய கலவரத்துக்குப் பிறகு டிரம்ப் மீது இரண்டாம் முறை தீர்மானம் வந்தபோது குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர் ஆதரித்தார்கள். அவர்களில் 2022 தேர்தலுக்குப் பிறகும் சபையில் எஞ்சியவர்கள் இருவர். நான்கு பேர் போட்டியிலிருந்தே விலகினார்கள். நான்கு பேரை உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சி வாக்காளர்களே வீழ்த்தினார்கள். வயோமிங்கில் லிஸ் செனி 37 சதவீத வித்தியாசத்தில் தோற்றார். மறுபக்கம், 2019இல் கட்சியை எதிர்த்து டிரம்புக்கு ஆதரவாக வாக்களித்த நியூ ஜெர்சியின் ஜெஃப் வான் ட்ரூ, மறுநாளே வெள்ளை மாளிகையில் டிரம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாகாத ஆதரவைத் தருவதாகச் சொல்லிக் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். அவர் இன்றும் பதவியில் இருக்கிறார். அலபாமாவில் மீண்டும் ஜெயிப்பது கடினம் என்று தெரிந்தே டிரம்புக்கு எதிராக வாக்களித்த ஜனநாயகக் கட்சி செனட்டர் டக் ஜோன்ஸ் 2020 நவம்பரிலேயே தோற்றுப் போனார்.

இந்த விலைப்பட்டியலை மெக்கானல் அளவுக்குத் துல்லியமாகப் படித்தவர் வேறு யாரும் இல்லை. 2021 ஜனவரி 13 அன்று தீர்மானம் நிறைவேறியபோது செனட் அவர் கையில் இருந்தது. டிரம்ப் பதவியில் இருக்கும்போதே விசாரணையைத் தொடங்க அவையை உடனே கூட்டும்படி கேட்டார்கள், அவர் மறுத்தார். பிப்ரவரி 13 அன்று, பதவியை விட்டுப் போய்விட்ட ஒருவரை விசாரிக்க செனட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, குற்றவாளி இல்லை என வாக்களித்தார். 57க்கு 43. பத்து வாக்கு குறைந்தது. தீர்ப்பு வந்த சில நிமிடங்களில் எழுந்து, அந்தக் கலவரத்துக்கு நடைமுறையிலும் தார்மீகத்திலும் டிரம்ப்தான் பொறுப்பு, இதில் சந்தேகமே இல்லை என்று பேசினார். அவையில் அன்று பேசப்பட்டதிலேயே காட்டமான பேச்சுகளில் ஒன்று அது.

பிப்ரவரி 25 அன்று தொலைக்காட்சியில் அவரிடம் கேட்டார்கள்: 2024இல் கட்சி டிரம்பையே நிறுத்தினால் ஆதரிப்பீர்களா? நிச்சயமாக என்றார். இடையில் பன்னிரண்டு நாள்.